சுவருக்கு அந்தப் பக்கம் அடித்த மணி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட் எதை எடுத்துப் பார்த்தாலும் வாய்ஸ் கன்ட்ரோல் ஹோம் ஆட்டோமேஷன்னு ஒரு தலைப்பு கண்டிப்பா இருக்கும். நீங்களும் பண்ணியிருக்கலாம், இல்லைன்னா அடுத்த வருஷம் பண்ணப் போறீங்க. போனில் பட்டனைத் தட்டினால் எரியுற பல்பு ஏற்கெனவே சீனியர்கள் செய்து வச்சிருக்காங்க. அதோடு ஒரு மைக்கைச் சேர்த்தால் வாயால் சொன்னாலே எரியும். இஎஸ்பி32 போர்டு ஒண்ணு, நாலு சேனல் ரிலே மாட்யூல் ஒண்ணு, கொஞ்சம் ஜம்பர் வயர், ஒரு ஆப். வேலை முடிஞ்சது.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்னு வச்சுக்கோங்க. நீங்க லைட் ஆன்னு சொன்னதுக்கும் பல்பு எரிஞ்சதுக்கும் நடுவில் என்ன நடந்தது?

பதிலை மூணு படியாகப் பிரிக்கலாம். முதல் படியில், மைக் உங்க குரலை மின் சிக்னலாக மாத்துது; சாஃப்ட்வேர் அது எந்தச் சொல்னு கண்டுபிடிக்குது. இரண்டாவது படியில், அந்தக் கட்டளை வைஃபை அலையாகச் சுவரைத் தாண்டி அடுத்த ரூமில் இருக்கிற போர்டுக்குப் போகுது. மூணாவது படியில், போர்டு ரிலேவை இழுக்குது, ரிலே பல்புக்கு கரன்ட் விடுது.

முதல் படி நம்ம காலத்துச் சமாச்சாரம். ஆனா கடைசி ரெண்டு படியும், அதாவது கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்விட்சைப் போடுறது, நம்ம நாட்டில் 1890-களிலேயே ஊர் கூடிப் பார்த்த விஷயம். செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்ச்சி உண்டுன்னு சொன்னவர்னு ஸ்கூல் புக்கில் ஒரு வரியில் படிச்சிட்டுத் தாண்டி வந்திருப்போம். சர்க்யூட் போடுற நமக்கு அவர் வாழ்க்கையின் முன்பாதியும் தெரிஞ்சிருக்கணும்.

மாஜிஸ்ட்ரேட் மகனும் மீனவர் மகனும்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. ஊர் மைமன்சிங், இன்று பங்களாதேஷில் இருக்கு. அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். அந்தப் பதவியில் இருப்பவர் பிள்ளையை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்ப்பதுதான் அன்றைக்குக் கௌரவம். அவரோ மகனை வங்காளி வழிப் பள்ளியில் சேர்த்தார். சொந்த மொழியும் சொந்த மக்களும் முதலில் தெரியட்டும், இங்கிலீஷ் அப்புறம் வரட்டும் என்பது அவர் கணக்கு. வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரின் மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். பறவை, மிருகம், நீரில் வாழும் உயிர்கள் பற்றி அந்தப் பையன்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் இயற்கை மேல் ஆசை வந்தது என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச என்னை மாதிரி ஆட்களை இந்த இடம் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் இயற்பியலைச் செய்முறையோடு நடத்தியவர். அவரிடம் படித்த பிறகு போஸுக்குப் பாதை தெரிந்துவிட்டது. ஆனாலும் 1880-ல் மருத்துவம் படிக்கத்தான் லண்டன் போனார். விடாத காய்ச்சல். உடல் அறுக்கும் அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. படிப்பை விட்டுட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் அறிவியல் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் லார்டு ராலே. ஒலியியல் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே ராலே.

மூணு வருஷம் சம்பளம் வாங்காத வேலை

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தில்தான் சிக்கல். ஐரோப்பியருக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அதுவும் தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. கடைசியில் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை, வேலையை விடவும் இல்லை. தினமும் வந்து பாடம் எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. இப்படி மூணு வருஷம். அதே நேரத்தில் வீட்டில் கடன் கழுத்தை நெரித்தது. உள்ளூர் மக்களுக்காகத் தொழில்கள் தொடங்கி அப்பா நஷ்டப்பட்டிருந்தார். 1887-ல் கல்யாணமும் ஆனது. மனைவி அபலாவுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். உடல்நிலையால் படிப்பை முடிக்க முடியாமல் போனது. கணவரின் சம்பளப் போராட்டத்தில் கடைசிவரை கூட நின்றார்.

இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

தகரக் கொல்லரோடு ஒரு லேப்

மின்காந்த அலை உண்மையிலேயே இருக்கு என்பதை ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1888-ல் செய்முறையில் காட்டினார். 1894-ல் அவர் இறந்ததும், அவர் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஆற்றிய உரை அச்சில் வந்தது. அது போஸை அந்தப் பக்கம் இழுத்தது. அந்த வருஷம் தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார்.

லேப்? கல்லூரியில் ஒரு சின்ன அறை, சுமார் 24 சதுர அடி. உங்க ஹாஸ்டல் ரூம் இதைவிடப் பெரிசு. கருவி செய்ய அவருக்குக் கிடைத்தவர் உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்து, சொந்தக் காசைப் போட்டு, ஒவ்வொரு பாகமாகச் செய்ய வைத்தார். நம்ம ஊர் லேத் பட்டறையில் ஒருத்தர் பக்கத்தில் நின்று, வரைபடத்தைக் காட்டிக் காட்டி ஒரு பார்ட் செய்து வாங்கியிருந்தால், அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலைன்னு உங்களுக்கே தெரியும்.

அப்படி வந்ததுதான் ஹார்ன் ஆன்டெனா, அலையைக் குழாய் வழியாகச் செலுத்தும் வேவ்கைடு, லென்ஸ், போலரைசர் எல்லாம். ஹெர்ட்ஸ் பயன்படுத்தியது மீட்டர் கணக்கில் நீளமான அலைகள். அதை வைத்து மேசை மேல் ஒளியியல் சோதனை செய்ய முடியாது. போஸ் 5 மில்லிமீட்டர் வரைக்கும் இறக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். ஒரு போலரைசருக்கு அவர் எடுத்தது ரயில்வே டைம்டேபிள் புத்தகம். பக்கங்களுக்கு நடுவில் ஈயத்தாளைச் செருகியதும் அது நல்ல போலரைசராக வேலை செய்தது. கையில் இருப்பதை வைத்துச் செய்தார், ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு தெரிந்து செய்தார்.

டவுன் ஹாலில் நடந்தது

1895-ஐ ஒட்டி கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு பொதுச் செய்முறை விளக்கம். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அலையை அனுப்பும் கருவி. அங்கிருந்து சுமார் 75 அடி தள்ளி, சுவர்களுக்கு அந்தப் பக்கம் வாங்கும் கருவி. நடுவில் ஒயர் கிடையாது. இங்கே பொறி பறந்ததும் அங்கே மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது.

உள்ளே நடந்ததை உங்க ப்ராஜெக்ட் பாஷையில் சொல்றேன். வாங்கும் கருவியின் இதயம் கொஹீரர். சாதாரணமாக அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், கரன்ட் ஓடாது. அலை பட்டதும் உள்ளே இருக்கிற உலோகத் தொடுபுள்ளிகள் இறுகி ரெசிஸ்டன்ஸ் சட்டென்று விழும், கரன்ட் பாயும். அந்தச் சின்ன கரன்ட் ஒரு ரிலேவை இழுக்கும். ரிலே பெரிய சர்க்யூட்டை மூடும், மணி அடிக்கும். இஎஸ்பி32 இருக்கிற இடத்தில் கொஹீரரை வைங்க, பல்பு இருக்கிற இடத்தில் மணியை வைங்க. உங்க பிளாக் டயகிராம் அப்படியே வந்துடும்.

மற்றவர்களுடைய கொஹீரரில் உலோகத் தூள் இருக்கும். ஒரு தடவை அலை பட்டால் தூள் ஒட்டிக்கும், தட்டிவிட்டால்தான் அடுத்த சிக்னலுக்குத் தயாராகும். போஸ் தூளை எடுத்துட்டு, ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சின்னச் சின்ன எஃகு ஸ்பிரிங்குகளை வைத்தார். அழுத்தத்தைத் தேவைக்கு ஏற்ப மாத்தலாம். 1897 ஜனவரியில் இந்தக் கருவிகளை லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவரே செய்து காட்டினார்.

குரல் வந்த வழி

ஒவ்வொரு சிக்னலுக்கும் தட்டிவிட வேண்டிய கருவியில் ஆன், ஆஃப் மட்டும்தான் நடக்கும். குரலை அனுப்ப முடியாது. குரல் நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அதிரும் விஷயம். அதைப் பிடிக்கணும்னா டிடெக்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பணும். 1899-ல் போஸ் இரும்பு, பாதரசம், இரும்பு என்று ஒரு டிடெக்டர் செய்து, டெலிபோன் ரிசீவரோடு இணைத்து, லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். அடுத்து கலீனா என்ற ஈயக் கனிமப் படிகத்தை வைத்து ஒரு டிடெக்டர். 1920-களில் வீட்டு ரேடியோக்களில் பாட்டும் பேச்சும் கேட்க வைத்தது இந்த வகைக் கலீனா படிகம்தான். காற்றில் வந்த குரல் வீட்டுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று அது.

1901-ல் ஒரு பெரிய டெலிகிராஃப் கம்பெனி முதலாளி பேடன்ட் விண்ணப்பத்தோடு வந்து கெஞ்சியதாக நண்பர் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் போஸ் சொல்லியிருக்கார். அவர் சம்மதிக்கவில்லை. அறிவை விலைக்கு விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா டிடெக்டருக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904-ல் பேடன்ட் எண் 755,840 கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் பேடன்ட் என்று அதைச் சொல்றாங்க. அதிலிருந்தும் அவர் பணம் பார்க்கவில்லை.

அதுக்குள்ளே 1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கிவிட்டார். பயன்படுத்தியது பாதரச டிடெக்டரும் டெலிபோன் ரிசீவரும். 1909-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார். அந்த டிடெக்டரின் மூலம் போஸ் 1899-ல் வெளியிட்டதுதான் என்று 1998-ல் ஐ ட்ரிபிள் இ இதழில் ஓர் ஆய்வாளர் ஆதாரங்களோடு வாதிட்டார்.

போஸ் அதுக்கெல்லாம் நிற்கவில்லை. செடிகளின் பக்கம் போனார். வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிசாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். 1917 நவம்பர் 30, தன் பிறந்தநாளிலேயே கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். வங்காளியிலும் அறிவியல் எழுதினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். 2012-ல் ஐ ட்ரிபிள் இ, பிரசிடென்சியில் அவருடைய 1894-96 சோதனைகளுக்கு மைல்கல் பலகை வைத்தது.

நம்ம டேபிளுக்கு வருவோம்

பேடன்ட் எடுக்காதது சரியா தப்பா? இன்னும் விவாதம் ஓடுது. எனக்குப் பட்டது இதுதான். அவர் செய்த ஒவ்வொரு கருவியையும் எப்படிச் செய்தார்னு முழுசா எழுதி வெளியிட்டார். பணம் அவருக்கு வராமல் போனது. ஆனா அந்தக் கட்டுரை இருந்ததால்தான், 99 வருஷம் கழித்து ஒருத்தர் அதை எடுத்துக் காட்ட முடிந்தது.

நம்ம ப்ராஜெக்டில் இது எங்கே வரும்? இரண்டாவது படியும் மூணாவது படியும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நீங்க புதுசாச் சேர்க்கிறது முதல் படி, குரல். அதை மட்டும் ஏதோ ஒரு கம்பெனி சர்வரிடம் கொடுத்துட்டு, நெட் போனால் பல்பும் போச்சுன்னு நின்றால், ப்ராஜெக்டில் உங்களுடையது என்ன மிச்சம்? ஒரு ஐ2எஸ் மைக் வாங்கி, நாலைஞ்சு கட்டளைச் சொல்லை மட்டும் அடையாளம் காணும் சின்ன மாடலை இஎஸ்பி32-லேயே ஓட வைக்கலாம். அந்தச் சொற்களை உங்க பாட்டி குரலில், அவங்க சொல்ற மாதிரியே பதிவு பண்ணுங்க. வாணியம்பாடி, ஆம்பூர் வீடுன்னா தமிழும் உருதும் கலந்தே வரும், அதையும் சேருங்க. டேனரியில் டிரம் ஓடுற சத்தத்துக்கு நடுவில் அந்த மாடல் சொல்லைப் பிரித்து எடுக்குதான்னு சோதித்துப் பாருங்க. கை ஈரமாகவும் கிளவுஸோடும் வேலை பார்க்கிறவருக்குத்தான் வாயால் போடுற ஸ்விட்ச் நிஜமாகத் தேவை.

எத்தனை தடவை சொன்னதுக்கு எத்தனை தடவை எரிஞ்சது, எந்தச் சொல்லில் ஏமாந்தது, மைக்கை எங்கே வச்சா சரியானது, எல்லாத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க. பழைய ரிப்போர்ட்டைப் பெயர் மாத்தி ஒட்டாமல் சொந்தமா எழுதுங்க. அடுத்த பேட்ச் ஜூனியர் ஒருத்தர் அதைப் புரட்டிப் பார்த்து, நீங்க விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.