பரிமேல் ஒரு வாழ்வு

பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட திருவாதவூரர் இறுதியில் தில்லையிலே கலந்தார் என்பது சிதம்பரத்தார் நன்கறிந்த வரலாறு. அரபு நாட்டுப் பரிகள் தமிழகத் துறைகளில் வந்திறங்கிய காலமொன்று இருந்தது. 'இராவுத்தர்' என்னும் சொல்லுக்கே குதிரைவீரர் என்பதுதான் பொருள். முருகனையும் அருணகிரியார் அச்சொல்லால் விளித்துள்ளார். இன்று நம்மிடையே இராவுத்தர்கள் உளர், குதிரையைத்தான் காணோம்!

ஆதலின், குதிரையேறி உலகப்புகழ் பெற்ற ஒருவரைப்பற்றி இம்மலரில் எழுத விழைந்தேன். பந்தயம் என்றதும் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பணயம் வைத்தாடுவது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதே. ஆயின், குதிரைகளைப் பழக்கி ஓடவிடும் போட்டியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் நடத்தியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. யான் சொல்லப்புகுவது சேணத்தின்மேல் உழைத்துண்ட ஒருவரின் வரலாறு.

சர் கார்டன் ரிச்சர்ட்ஸ் 1904ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். மட்டக்குதிரைகளில் ஏறிப் பழகிய சிறுவர், வில்ட்ஷயரில் உள்ள ஒரு பந்தய லாயத்தில் ஊழியராகச் சேர்ந்தார். 1921இல் லெஸ்டர் நகரில் முதல் வெற்றி கிட்டியது. நான்கே ஆண்டுகளில், 1925இல், அந்நாட்டின் முதன்மை ஜாக்கி ஆனார். மறு ஆண்டே காசநோய் தாக்கியது. நல்ல மருந்து கண்டறியப்படாத காலம் அது. பலரும் அவர் கதை முடிந்ததென்றே எண்ணியிருப்பர். அவரோ 1927இல் மீண்டும் முதலிடம் பெற்றார். 1953 வரை மொத்தம் 26 முறை அப்பட்டம் அவருடையதாயிற்று. 1930இல் ஒரேயொரு வெற்றி குறைந்தமையால் அதனை இழந்தார். 1933இல் தொடர்ந்து 12 ஓட்டங்களில் வென்றதும், 1947இல் ஓராண்டில் 269 வெற்றிகள் ஈட்டியதும் வியப்புக்குரியன. சாட்டையை வீசுவாரேயன்றி, குதிரையை வன்மையாக அடிப்பது அரிது என்பர்.

இத்தனை பெற்றவர்க்கும் எப்சம் திடலில் நிகழும் டெர்பிப் பந்தயம் மட்டும் கைகூடவில்லை. 1936இல் ஆகாகான் அவர்களின் தாஜ் அக்பர் என்னும் குதிரையில் ஏறினார். வென்றதும் ஆகாகானின் குதிரையே. ஆனால் அது மற்றொருவர் ஏறிய மஹ்மூத்! ரிச்சர்ட்ஸ் இரண்டாமிடமே பெற்றார். 1947இல் டியூடர் மின்ஸ்ட்ரல் வெல்வது உறுதியென நாடே நம்பியது. அது நான்காவதாக வந்தது. இவ்வாறு 27 முறை தோற்றார். ஒரு தேர்வில் இருமுறை தவறினாலே கல்லூரியை விட்டகலும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்ற எமக்கு, இவ்வெண்ணிக்கை எளிதில் விளங்குவதன்று.

1953 சூன் 2இல் அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடந்தது. அதனையொட்டி ரிச்சர்ட்ஸுக்குச் 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. ஜாக்கி ஒருவர் அப்பட்டம் பெறுவது அதுவே முதன்முறை. சூன் 6ஆம் நாள் டெர்பி. அரசியின் குதிரை அரியோல். ரிச்சர்ட்ஸ் ஏறியது பம்பாயில் வாணிகம் செய்த பாக்தாத் யூதக் குடும்பத்தவரான சர் விக்டர் சசூனின் பின்சா. பட்டமளித்த அரசியின் குதிரையை நான்கு குதிரைநீளம் பின்னிறுத்தி, 28ஆம் முயற்சியில் அவர் வென்றார்!

மறு ஆண்டு சாண்டவுன் பார்க்கில் அரசியின் குதிரையொன்று அவரை வீழ்த்தி அவர்மேலேயே உருண்டது. இடுப்பெலும்பு முறிந்தது. 4,870 வெற்றிகளுடன் சேணத்தைவிட்டு இறங்கிப் பயிற்சியாளரானார்.

தம் கையால் வென்ற ஒருவர், தாம் பழக்கிய குதிரையில் பிறர் ஏறிச்செல்வதை வேலியோரம் நின்று பார்ப்பது வேறு வகைப் பணி. ஆசிரியர்கள் இதனை உணர்வர். 1957இல் அவர் பழக்கிய பைப் ஆஃப் பீஸ் டெர்பியில் மூன்றாவதாக வந்தது. 1967இல் ரிஃபார்ம் சாம்பியன் ஸ்டேக்ஸ் வென்றது. பயிற்சியாளர்களில் அவர் முதலிடம் பெற்றதேயில்லை. ஆயினும் 1970 வரை லாயத்தை நடத்தினார். 1986 நவம்பர் 10இல் மறைந்தார். பயிற்சியாளராக டெர்பி அவர்க்கு வாய்க்கவேயில்லை.