காது மந்தமான தந்திக்காரர்!

ஆலிவர் ஹெவிசைடு 1850-ம் ஆண்டு லண்டனில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார். சிறு வயதில் கடும் காய்ச்சல் கண்டு, காது மந்தமாகிவிட்டது. 16 வயதோடு பள்ளிக்கூடமும் நின்றது.

பிறகு தந்திக் கம்பெனியில் வேலை பார்த்தார். 24-வது வயதில் அதை உதறிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்! அதன்பின் சாகும்வரை எந்த உத்தியோகத்துக்கும் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அறைக்குள் உட்கார்ந்து மாக்ஸ்வெல் எழுதிய மின்சார நூலைப் படித்தார். அதற்கு வேண்டிய பெரிய கணக்குகளையும் தாமே கற்றார்.

கம்பியில் சீராக ஓடும் மின்சாரத்துக்குத் தடை உண்டு. பேச்சைப்போல ஏறி இறங்கி ஓடும் மின்சாரத்துக்கோ, வேறு தடங்கல்களும் சேரும். இந்த மொத்த எதிர்ப்புக்கு 1886-ல் அவர் வைத்த பெயர்தான் 'இம்பிடன்ஸ்'.

இன்று கம்ப்யூட்டரைத் திறந்தால் பச்சைப் பலகையில் மெல்லிய செப்புக் கோடுகள் தெரியும். அவற்றில் மின்சாரம் அலையாக ஓடுகிறது. அகன்ற வாய்க்கால் திடீரென்று குறுகினால், வந்த அலையில் ஒரு பகுதி திரும்பி அடிக்கும் அல்லவா? கோட்டிலும் அப்படித்தான். அதனால் கோட்டின் அகலம், கனம், அடியிலுள்ள செப்புத் தகடு இருக்கும் தூரம், பலகையின் சரக்கு எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பல கோடுகளுக்கு 50 ஓம் என்று குறி வைப்பார்கள்.

கணக்கு சரிதானா? பலகையின் ஓரத்தில் ஒரு மாதிரிக் கோடு போட்டு, அதில் ஒரு மின் துடிப்பை அனுப்புவார்கள். திரும்பி வருவதன் அளவு, எதிர்ப்பு எவ்வளவு மாறியது என்று சொல்லும். வரும் நேரம், பழுது எந்த இடத்தில் என்று சொல்லும். இதற்கெல்லாம் ஆதாரம் ஹெவிசைடு எழுதிய சமன்பாடுகளே.

கம்பியில் சுருளின் குணத்தைக் கூட்டினால் தொலைபேசிப் பேச்சு சிதையாது என்று 1887-ல் அவர் காட்டினார். தபால் இலாகாவின் பெரிய எஞ்சினீயர் பிரீஸ் அதை ஏற்கவில்லை. சுருள் கெடுதல் என்பது அவர் கட்சி. பதவி பிரீஸ் கையில். ஹெவிசைடு கையில் பேனா மட்டும்! அதனால் பிரீஸைக் கேலி செய்தே எழுதினார்.

பின்னர் அமெரிக்காவில் அதே வழியில் சுருள்கள் வைத்தார்கள். அதற்கு 1900-ல் காப்புரிமை பெற்ற பூபின் என்பவருக்குப் பெருந்தொகை கிடைத்தது. ஹெவிசைடுக்கு ஒரு காசு இல்லை.

கஷ்டத்திலும் தர்மப் பணம் வாங்க மறுத்தவர் அவர். நண்பர்கள் பாடுபட்டு, 1896-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 120 பவுன் உதவித்தொகை தரும்படி செய்தார்கள். கடைசிக் காலத்தில் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் தனியாக வாழ்ந்தார்.

1925-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். பக்கத்து ஊரான பெயிண்டனில், தாய் தகப்பனார் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.