வால்தர் நெர்ன்ஸ்ட்

வால்தர் ஹெர்மன் நெர்ன்ஸ்ட் (ஜூன் 25, 1864 – நவம்பர் 18, 1941) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதிக்கு அடித்தளமிட்டமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். 1920ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். மின்கலங்களுக்கு இவர் வகுத்த சமன்பாடும், விளக்குக்காக இவர் உருவாக்கிய பீங்கான் பொருளும் இன்று மகிழுந்துகளின் புகைப்போக்கியில் பொருத்தப்படும் ஆக்சிஜன் உணரியில் ஒன்றாக இயங்குகின்றன.

பிறப்பும் கல்வியும்

நெர்ன்ஸ்ட் அக்காலத்தில் மேற்குப் பிரஷ்யாவில் இருந்த பிரீசன் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை ஒரு நீதிபதி. சூரிச், பெர்லின், கிராட்ஸ், வூர்ட்ஸ்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்று, 1887ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் உதவியாளராகப் பணியாற்றினார்.

நெர்ன்ஸ்ட் சமன்பாடு

1889ல் இவர் வெளியிட்ட ஆய்வு, ஒரு மின்கலத்தின் மின்னழுத்தத்தை அதிலுள்ள பொருள்களின் செறிவோடு தொடர்புபடுத்தியது. இரு பக்கங்களிலும் ஒரே பொருள் வெவ்வேறு செறிவில் இருந்தால், அச்செறிவுகளின் விகிதத்தின் மடக்கையைப் பொறுத்து மின்னழுத்தம் தோன்றும். எனவே மின்னழுத்தத்தை அளந்து, அறியாத செறிவைக் கணக்கிட இயலும்.

நெர்ன்ஸ்ட் விளக்கு

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1897ல் புதிய மின்விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதில் கரியிழைக்கு மாற்றாக, சிர்க்கோனியம் ஆக்சைடுடன் சிறிதளவு இட்ரியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து செய்த பீங்கான் கம்பி ஒளிர்ந்தது. ஏற்கனவே ஆக்சைடாக இருப்பதால் இக்கம்பி காற்றில் எரிந்து போகாது. வெற்றிடக் குமிழும் தேவையில்லை. எனினும் குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் தனியே சூடேற்ற வேண்டியிருந்ததால், விளக்கு எரியத் தாமதமாயிற்று.

ஏ.ஈ.ஜி. நிறுவனம் இதன் காப்புரிமையைப் பெருந்தொகைக்கு வாங்கியது. ஆனால் டங்ஸ்டன் இழை விளக்குகள் வந்தபின் நெர்ன்ஸ்ட் விளக்கு சந்தையிலிருந்து மறைந்தது. டங்ஸ்டன் விளக்கை 1913ல் வளிமம் நிரப்பி மேம்படுத்திய இர்விங் லாங்மியூர், நெர்ன்ஸ்டிடம் பயின்ற மாணவரே ஆவார்.

வெப்பத் தேற்றம்

1905ல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தனிச் சுழி வெப்பநிலையை நெருங்கும்போது வேதிவினைகளின் சிதறம் மாற்றமின்றிப் போகும் என்னும் தேற்றத்தை அவ்வாண்டு இறுதியில் முன்வைத்தார். 1911ல் பிரசல்ஸ் நகரில் நடந்த முதல் சோல்வே மாநாட்டை ஏற்பாடு செய்வதில் முன்னின்றார்.

போரும் குடும்பமும்

நெர்ன்ஸ்ட் 1892ல் எம்மா லோமையரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். தானுந்துகளில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்த இவர், 1914ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, ஐம்பது வயதில் தன் சொந்த வண்டியுடன் தன்னார்வ ஓட்டுநராகப் படையில் சேர்ந்தார். போருக்கான வேதிப்பொருள் ஆய்வுகளிலும் ஈடுபட்டார். அப்போரில் இரு மகன்களையும் இழந்தார்.

நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். நாசிக் கொள்கைகளை இவர் ஏற்கவில்லை. இரு மகள்கள் யூதர்களை மணந்திருந்ததால் குடும்பத்துடன் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. நெர்ன்ஸ்ட் தன் இறுதி ஆண்டுகளைச் சிபெல்லே என்னும் ஊரிலிருந்த தம் பண்ணையில் கழித்து, அங்கேயே இறந்தார்.

ஆக்சிஜன் உணரி

நெர்ன்ஸ்ட் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1943ல் கார்ல் வாக்னர் விளக்குக் கம்பியின் மின்கடத்தலை விளக்கினார். சிர்க்கோனியம் ஆக்சைடுப் படிகத்தில் இட்ரியம் சேரும்போது ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் வெற்றிடமாகின்றன. சூடான நிலையில் ஆக்சிஜன் அயனிகள் அவ்விடங்கள் வழியே நகர்கின்றன.

இப்பீங்கானின் ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் எஞ்சின் புகையும் இருந்தால், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி மின்னழுத்தம் தோன்றும். இவ்வகை உணரி 1976ல் வோல்வோ மகிழுந்துகளில் முதலில் இடம்பெற்றது. பெட்ரோல் முழுதும் எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். இவ்விகிதத்தின் அருகில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே திடீரெனத் தாவுகிறது. எனவே எரிபொருள் மிகுதியா, குறைவா என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது.

டர்போசார்ஜர் பூட்டிய எஞ்சினுக்கு இது போதாது. மிகுதியான காற்று அழுத்தி நிரப்பப்படும்போது எரிபொருள் குறைந்தால், வெப்பம் ஏறி, கலவை கட்டுப்பாடின்றி வெடித்து, பிஸ்டன் உருகவும் உடையவும் கூடும். ஆகவே முழுச் சுமையில் விகிதம் பெரும்பாலும் 12க்கு அருகில் வைக்கப்படுகிறது. அதை எண்ணாகவே அளக்க வேண்டும்.

1990களில் பரவிய அகலப்பட்டை உணரியில் இரண்டாவது பீங்கான் கலமொன்று சேர்க்கப்பட்டது. அது சிறு அறையொன்றினுள் ஆக்சிஜனைச் செலுத்தியும் வெளியேற்றியும், நெர்ன்ஸ்ட் கலத்தின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 0.45 வோல்ட்டில் நிலைநிறுத்துகிறது. அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தின் அளவும் திசையும் கலவை விகிதத்தைக் காட்டுகின்றன. எஞ்சினைச் சீரமைப்போர் ஒவ்வொரு வேகத்திலும் சுமையிலும் இவ்வளவீட்டைப் பார்த்து எரிபொருள் அட்டவணையைத் திருத்துகின்றனர். விசையாழிக்கு முன்னுள்ள அழுத்தமும் வெப்பமும் அளவீட்டைப் பிழையாக்கும் என்பதால், உணரி வழக்கமாக அதற்குப் பின்னரே பொருத்தப்படுகிறது.

நெர்ன்ஸ்ட் விளக்கைப் போலவே இவ்வுணரியும் குளிர்ந்த நிலையில் இயங்காது. அதனால் இதனுள்ளும் ஒரு சூடேற்றி அமைக்கப்பட்டுள்ளது.