ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு... வல்வில் ஓரியால் முடிந்ததா?

காந்திகிராமத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சிறுமலை. மேற்கே பழனி மலைத்தொடர். இரண்டிலும் காட்டெருமைகள் திரிகின்றன. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் எடை வரை இருக்கும். ஜீப்பில் போகிறவர்களே அதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய யானையையே வில்லால் வீழ்த்தியவர் என்று சங்கப் பாடல் ஒருவரைக் கொண்டாடுகிறது. அவர்தான் வல்வில் ஓரி. பழனி மலைப் பக்கம் ஆண்ட பேகனைப் போலவே இவரும் கடையெழு வள்ளல்களில் ஒருவர். வல்வில் என்றால் வலிமையான வில். கையில் இருந்த கருவியே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

யார் இந்த ஓரி?

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையை ஆண்ட சங்ககாலக் குறுநில மன்னர். ஆதன் ஓரி என்றும் பெயர் உண்டு. அவருடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். வன்பரணர், கழைதின் யானையார் ஆகிய புலவர்கள் அவரைப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன.

அந்த ஐந்து விலங்குகள்

வேட்டைக் காட்சி வன்பரணர் பாடிய 152-வது பாட்டில் வருகிறது. ஓரி விட்ட அம்பு முதலில் யானையைச் சாய்க்கிறது. அப்புறம் புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி. கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. எல்லாம் ஒரே அம்பு!

நடக்கிற காரியமா இது? யானையின் மார்புக் கூட்டைத் தாண்டி வெளியே வருவதற்குள்ளேயே அம்பின் வேகம் ஏறக்குறைய முழுசாகச் செலவாகிவிடும். அதற்குப் பிறகு இன்னும் நான்கு உடல்களைத் துளைக்க அதில் வலு இருக்காது. ஆகவே இது புலவரின் புகழ்ச்சி. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். பாட்டு யானையில் ஆரம்பித்து உடும்பில் முடிகிறது. யானைக்குப் போதுமான வில் இருந்தால் மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேட்டைக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அடிப்படை விதியே இதுதான். எதிரே வரக்கூடியவற்றில் எது மிகப் பெரிசோ, எது மிக ஆபத்தோ, அதற்கு ஏற்ற கருவியைத்தான் கையில் எடுக்கணும்.

பெரிய விலங்குக்கு எப்படிப்பட்ட வில் வேணும்?

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் அழிக்கும். அம்பு அப்படி இல்லை, வெட்டிக்கொண்டு போய் ரத்தத்தை வெளியேற்றித்தான் கொல்லும். அதனால் அம்பு நுரையீரல் வரை ஆழமாக இறங்கியாகணும். அதற்கு மூன்று விஷயங்கள் தேவை.

முதலாவது, இழுவிசை அதிகமான வில். மான் வேட்டைக்கு 40, 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ இழுவிசை போதும். ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு அதைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே பழகிய தோளுக்குத்தான் அது வளையும்.

இரண்டாவது, கனமான அம்பு. லேசான அம்பு வேகமாகப் பறக்கும், ஆனால் எலும்பில் பட்டதும் நின்றுவிடும். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் உள்ளே இறங்கும். இன்றைய வில் வேட்டைக்காரர்கள் கனத்த எலும்புள்ள விலங்குகளுக்கு 650 கிரெய்ன், அதாவது சுமார் 42 கிராமுக்குக் குறையாத அம்பைப் பரிந்துரைக்கிறார்கள்.

மூன்றாவது, வளையாத, உடையாத, கூர் மழுங்காத முனை. நல்ல இரும்புக்கு அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்திருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் யானை என்றால் வேற கணக்குதான். கென்யாவின் வாட்டா மக்கள் 100 பவுண்டுக்கும் மேல் இழுவிசை உள்ள வில்லால் யானை வேட்டையாடியவர்கள். அவர்களும் வில்லை மட்டும் நம்பவில்லை, அம்பு முனையில் கொடிய விஷம் தடவினார்கள். அதிலும் மிக அருகில் நெருங்கிப் போய்த்தான் எய்தார்கள். குறி தப்பினால் இரண்டாவது அம்புக்கு நேரம் கிடைக்காது.

வேட்டைக்குப் பிறகு நடந்தது

காட்டு வழியில் வந்த பாணர் கூட்டம் ஒன்று ஓரியைப் பார்க்கிறது. யாரோ வேட்டுவர் என்று முதலில் தோன்றினாலும், மார்பில் இருந்த ஆரம் அவர்களை யோசிக்க வைக்கிறது. இசைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்ற சொல் வந்ததும், அது தன்னையே குறிப்பதால் ஓரி வெட்கப்படுகிறார். வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு முடிக்கக்கூட அவர் விடவில்லை. தான் வேட்டையாடிய மானின் இறைச்சி, உருக்கிய நெய் போன்ற மது, தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் என்று அந்த நடுக்காட்டிலேயே அள்ளிக் கொடுத்து அனுப்புகிறார்.

அடுத்த பாட்டில் இன்னொரு சங்கதி. ஓரியிடம் பரிசு பெற்றவர்களுக்குப் பசியே இல்லாமல் போனதால், ஆடவும் பாடவும் மறந்துபோனார்களாம்.

வில் காப்பாற்றியதா?

இல்லை. முள்ளூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, பலா மரங்கள் செழித்த கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தார். அகநானூற்றில் கல்லாடனார் பாட்டு இதைப் பதிவு செய்கிறது. இதில் வேதனை என்னவென்றால், காரியும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவர். வள்ளலைக் கொன்றவரும் வள்ளலே. வென்றவர் ஓரியின் பெரிய தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாகவே வைத்துவிட்டார்.

இன்று யானை, புலி, உடும்பு மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வில்லானாலும் வேட்டை குற்றம்தான். ஆனால் கொல்லிமலையில் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. அம்புகள் இப்போது பலகையில்தான் தைக்கின்றன. செம்மேட்டில் குதிரை மேல் சிலையாக இருக்கிறார் ஓரி. மலை கைமாறிப் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியும், அங்கே விழா எடுப்பது தோற்றுப்போனவருக்குத்தான்.