ஆனக்கரை ஈன்ற அம்மு சுவாமிநாதன் அம்மையார்

சோரனூரிலிருந்து மங்களூர் மார்க்கமாகச் செல்லும் வண்டியில் பிரயாணம் செய்வோர், பட்டாம்பியைக் கடந்தபின் பாரதப்புழையைக் கண்டு களிப்பர். அவ்வாற்றின் தென்புறத்தே, குற்றிப்புரத்திற்கு அண்மையில், ஆனக்கரை என்னும் சிற்றூர் உளது. பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்த அவ்வூரில், வடக்கத்து வீடு என்னும் நாயர் குடும்பத்தில், 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிறந்தவரே அம்மு சுவாமிநாதன் அம்மையார். அரை நூற்றாண்டுக் காலம் மாதர் முன்னேற்றத்திற்கெனப் பாடுபட்ட இப்பெருமாட்டியை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

மக்கள் பலருள் இளையவராகப் பிறந்த அம்மையார், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளி சென்று பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. வீட்டில் கற்ற சிறிது மலையாளமே அவரது அக்காலக் கல்வி. பாலக்காட்டுத் தமிழ் அந்தணரான சுவாமிநாதன், அம்மையாரின் தந்தையால் இளமையில் ஆதரிக்கப்பெற்றவர். மேனாடு சென்று சட்டம் பயின்று சென்னையில் வழக்கறிஞராக விளங்கியவர். அவர் 1908ஆம் ஆண்டில் அம்மையாரை மணம் பேசினார். மணமகளுக்கு அப்போது வயது பதினான்கு அளவே. மணமகனோ அவரினும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்.

அந்தச் சிறுமி வாய்மூடி இசைந்துவிடவில்லை. தாம் பட்டணத்தில் வாழ வேண்டும். தமக்கு ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தம் சகோதரர்களைக் கேளாதது போலவே, வெளியே சென்று எப்போது திரும்பினாய் என்று தம்மையும் கேட்கலாகாது. இவையே அவர் விதித்த நிபந்தனைகள் என்பர். கணவர் அவற்றை ஏற்று, சொன்ன சொல்லைக் காத்தார். சாதி கடந்த இம்மணத்தை அக்காலத்து வைதிகர் பொறுத்திலர். நாயர் மனையாட்டிக்கு உரிய மதிப்பைத் தர மறுத்தவர்கள் பலர். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை அம்மையார் வாழ்நாள் முழுதும் வெறுத்ததற்கு இவ்வனுபவமும் காரணமாயிற்று எனலாம்.

1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னிபெசன்ட் அம்மையார் அதன் தலைவர். மார்கரெட் கஸின்ஸ் முதலியோர் முன்னின்று உழைத்தனர். அச்சங்கத்தைத் தொடங்கியவருள் நம் அம்மையாரும் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை, கல்வி, மணவயதை உயர்த்துதல் ஆகியவற்றிற்காக அச்சங்கத்தார் பாடுபட்டனர். 1921இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1929இல் வந்த சாரதா சட்டம், பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்தது. தாம் மணம்புரிந்த வயதே சட்டத்தின் கீழ்வரம்பாக அமைந்ததைக் கண்ட அம்மையார், பெண் முதிர்ந்து கற்றபின்னரே மணம் நிகழ வேண்டும் என்பதை எவரினும் நன்கு உணர்ந்திருப்பார் அன்றோ!

பின்னர் அவர் காங்கிரஸில் ஈடுபட்டார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தார். அவர் மகள் டாக்டர் லக்ஷ்மியோ, 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை பூண்டார். மற்றொரு மகள் மிருணாளினி பரதக் கலையில் உலகப் புகழ் எய்தினார். நிபந்தனை விதித்துப் பெற்ற சுதந்திரத்தை, அம்மையார் தம் பெண்மக்களுக்கு நிபந்தனையின்றியே அளித்தார்.

1946இல் சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபையில் அம்மையார் இடம்பெற்றார். அச்சபையில் பணியாற்றிய மாதர் பதினைவரே. இந்திய நாடு தன் பெண்களுக்குச் சம உரிமை தரவில்லை என்ற பிற நாட்டார் பேச்சுக்கு இவ்வரசியல் சட்டமே விடை என்று 1949 நவம்பரில் அவர் மகிழ்ந்துரைத்தார். நூல் இத்துணைப் பெரிதாக இருக்க வேண்டுமோ என்று குறைபடவும் தயங்கவில்லை. 1952இல், நம் இடுக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள திண்டுக்கல் தொகுதி மக்கள் அவரை லோக்சபைக்கு அனுப்பினர். மலையாளப் பெண்மணி ஒருவரைத் தமிழ் மக்கள் தம் பிரதிநிதியாக ஏற்றனர் என்பது, இரு மொழிக்கு இடையே வாழும் நமக்கு உவகை தரும் செய்தியாகும். பின்னர் ராஜ்யசபையிலும் அவர் அங்கம் வகித்தார். சாரணர் இயக்கத்திற்கும் தலைமை தாங்கினார். 1978ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இம்மண்ணுலகை நீத்தார்.

இன்று கேரளத்தில் பஞ்சாயத்து ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு உரியது. 2009இல் இயற்றிய சட்டம் 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. லோக்சபையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு வழங்க 2023இல் சட்டம் நிறைவேறியது. ஆயினும் நம் போன்ற சங்கங்களில் நிலை யாது? ஆண்டு விழாவில் கோலமிடுவதும் பலகாரம் செய்வதும் தாய்மார். கணக்கும் தீர்மானமும் ஆடவர் கையில். ஒரு பெண் சங்கக் கூட்டம் முடிந்து நேரங்கழித்து வீடு திரும்பினால், ஏன் தாமதம் என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கிறது.

பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நூறாண்டுகளுக்கு முன்பே அக்கேள்வியை மறுத்துவிட்டாள். அடுத்த நிர்வாகக் குழுவிலேனும் நம் சகோதரிகளுக்குச் சரிபாதி இடம் அளிப்போமாக. அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.