விற்கவியலாத நிலம்: ஆக்டேவியா ஹில்லின் வாழ்வும் நமக்கான பாடமும்

நிலத்தைக் காக்கச் சட்டம் மட்டும் போதுமா? இவ்வினாவோடு ஆக்டேவியா ஹில்லின் வாழ்வை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1838இல் இங்கிலாந்தின் விஸ்பெக் நகரில் பிறந்த ஹில், தந்தையின் தொழில் நொடித்துப்போனதால் இளமையிலேயே உழைக்க நேர்ந்தது. 1865இல் ஜான் ரஸ்கின் அளித்த முதலீட்டைக் கொண்டு, இலண்டன் மேரிலெபோன் பகுதியில் ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்படுத்தத் தொடங்கினார். காற்றும் வெளிச்சமும் அற்ற சந்துகளில் வாழ்ந்தோரை அருகிருந்து கண்டதனால், திறந்தவெளி உழைக்கும் மக்களுக்கும் தேவை என்று வாதிட்டார்.

1875இல் சுவிஸ் காட்டேஜ் வயல்களை விலைக்கு வாங்கிக் காக்க நிதி திரட்டினார். உரிமையாளர்கள் பின்வாங்கினர், வயல்கள் கட்டடங்களாயின. பொதுமக்களின் சார்பில் நிலத்தை நிரந்தரமாக உடைமை கொள்ளும் அமைப்பு ஒன்று தேவை என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. வழக்குரைஞர் ராபர்ட் ஹண்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் இணைந்து 1895இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். வேல்ஸ் நாட்டின் தினாஸ் ஒலாய் குன்றுச்சரிவு அதற்குக் கிடைத்த முதல் நிலக்கொடை. 1896இல் ஆல்ஃபிரிஸ்டனின் பழம்பெரும் மனையை வெறும் 10 பவுண்டுக்கு வாங்கினர். 1902இல் ஏரிக்கரையிலுள்ள பிராண்டல்ஹோ காடு பொதுமக்களின் நன்கொடையால் மீட்கப்பட்டது. ஆலைத் தொழிலாளரும் அதற்குச் சிறுதொகை அனுப்பினர். 1907ஆம் ஆண்டுச் சட்டம், அறக்கட்டளையின் நிலங்களை விற்கவோ அடகு வைக்கவோ இயலாதவையாக அறிவிக்க வழிசெய்தது. ஹில் 1912இல் மறைந்தார்.

அவரை நாம் வழிபட வேண்டியதில்லை. பெண்களின் வாக்குரிமையை அவர் எதிர்த்தார். அறக்கட்டளையின் 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பிருந்ததை அவ்வமைப்பே 2020இல் வெளியிட்டது. எவருடைய உழைப்பைச் சுரண்டி எழுந்த எழிலைக் காக்கிறோம் என்ற கேள்வி அங்கும் எழுந்துள்ளது.

ஆயினும் ஒரு பாடம் எஞ்சுகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலங்களை ஒதுக்கியது. அவற்றையும் பிறருக்கு விற்கலாகாது என்பதே நிபந்தனை. அங்கே விற்கவியலாத நிலம் நிலைத்தது. இங்கே ஏராளமான நிலம் கைமாறிப் போனது. அங்கே நிலத்தைக் கண்காணிக்க உறுப்பினர்களும் நிதியும் ஆவணங்களும் கொண்ட அமைப்பு இருந்தது. இங்கே ஆவணமும் அதிகாரமும் ஆதிக்கச் சாதியினரின் கையிலேயே இருந்தன. ஆகவே நாம் மீட்க வேண்டியது நிலத்தை மட்டுமன்று. அதைக் காக்கும் அமைப்பையும் நாமே கட்டியெழுப்ப வேண்டும்.