கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் தோன்றிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் வக்கீற்றொழிலிற் பெயர்பெற்றவர். தூத்துக்குடி-கொழும்புக் கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரே மேலோங்கியிருந்த 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் பத்து லக்ஷம். பங்கொன்று ரூபா 25. மறுவருஷம் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரிகள் கட்டணத்தைப் பெரிதுங் குறைத்தனர். நட்டந் தாங்கும் வன்மை அவர்கட்கே உண்டு. வீழ்ச்சிக்கு இஃதொன்றே காரணமென்பாருளர். யாம் அவ்வாறு கருதுகிலேம். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டதே பேரிடி. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்துப் பின் கண்ணனூர்ச் சிறையில் வாடியிருந்த காலத்தே, 1911-இல், கம்பெனி கலைந்தது.

1912 டிசம்பரில் வெளிவந்தவர்க்குக் கப்பலுமில்லை, வக்கீற் சன்னதுமில்லை. வறுமையினூடே தொல்காப்பியத்து இளம்பூரணருரையைப் பதிப்பித்தாரென்பது தமிழாசிரியராகிய எம்மை உருக்குவதாம். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியிலேயே உயிர்நீத்தார்.